செவ்வந்தி ஏன் இப்படி நிற்கிறது? மலையக வீட்டுத் தோட்டத்துக்கு, அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

செவ்வந்தி என்றால் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் பூக்கும் செடி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் அது சரிதான். ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் நுவரெலியாவிலும் அதே செடி மழையில் அழுகி, மூடுபனியில் சோர்ந்து, இலையெல்லாம் புள்ளி விழுந்து நிற்கும்போது விதை சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம், இல்லையென்றால் நேரே மருந்துக் கடைக்குப் போய் ஏதாவது ஒரு போத்தலை வாங்கி வந்து அடிக்கிறோம். இதற்குப் பூர்வீகம் மெக்சிக்கோ பக்கம். வெயிலும் தண்ணீர் வடிகிற மண்ணும்தான் அதற்குப் பழக்கம். நம்மிடம் இருப்பதோ மழை, பனி, தேயிலைக்கென்றே அமைந்த அமில மண். அதனால் இங்கே செவ்வந்தியில் தெரிகிற கோளாறுகளில் பெரும்பாலானவை நோயே கிடையாது. மண்ணையும் செடி நிற்கிற இடத்தையும் முதலில் பாருங்கள், பூச்சியையும் பூஞ்சணத்தையும் அப்புறம் சந்தேகப்படலாம்.

நான் சொல்வது சிங்களத்தில் தாஸ்பெத்தியா என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, மாலைக்கும் சாமி படத்துக்கும் வைக்கிற அந்த மஞ்சள், செம்மஞ்சள் பூ, ஆங்கிலத்தில் மேரிகோல்ட். அதில் இரண்டு இனம் நம் வாசல்களில் இருக்கிறது. இடுப்பளவு வளர்ந்து உருண்டையாகப் பெரிய பூ தருவது ஒன்று, முழங்காலுக்குக் கீழே படர்ந்து சின்னச் சின்னதாகச் செம்பழுப்பும் மஞ்சளும் கலந்து பூப்பது இன்னொன்று. மழையைத் தாங்குவதில் குட்டை இனம்தான் கெட்டி. வட்டவளை, கினிகத்தேனை மாதிரி மழை கொட்டுகிற பக்கம் இருப்பவர்கள் புதிதாகத் தொடங்கினால் குட்டையில் தொடங்குங்கள்.

விதை முளைக்கவே இல்லை

நல்ல விதை 21 முதல் 24 பாகை செல்சியஸ் சூட்டில் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். நுவரெலியா, இராகலை பக்கம் இரவுக் குளிருக்கு இரண்டு வாரம் வரை இழுக்கும், அதற்குள் பொறுமை இழந்து மண்ணைக் கிளறிப் பார்க்காதீர்கள். விதைத் தட்டை அடுப்படியில், சூடு படுகிற மூலையில் வைத்துவிட்டு, முளை எட்டிப் பார்த்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு வெளுத்து நூலாக நீண்டுவிடும். ஆழம் அரை சென்ரிமீற்றர் போதும்.

காய்ந்த மாலையை உதிர்த்துப் போட்ட விதை என்றால் அதில் பாதி பதராக இருக்கலாம், ஏனென்றால் மாலைக்குப் பூவை விதை முற்றும் முன்னரே பறித்துவிடுகிறார்கள். சோதிப்பது சுலபம். விதையின் ஒரு பாதி கறுப்பு, மறு பாதி வைக்கோல் நிறத்தில் குஞ்சம். கறுப்புப் பகுதியை நகத்தால் அழுத்திப் பாருங்கள். விறைப்பாக நின்றால் விதை, வளைந்து சப்பையானால் பதர்.

முளைத்த நாற்று அடியோடு சாய்ந்து கிடக்கிறது

மண்ணோடு ஒட்டிய இடத்தில் தண்டு நீர் கோத்து மெலிந்து சாய்ந்திருந்தால் அது நாற்றழுகல். ஈரமும் காற்றோட்டமில்லாததும்தான் காரணம். குளிர் என்று பொலித்தீன் போட்டு மூடி வைப்பவர்கள் முளைத்ததும் அதை எடுத்துவிட வேண்டும். பாதி ஆற்று மணல், பாதி நன்றாக மக்கிய கூட்டெரு என்று கலந்து, விதைப்பதற்கு முந்தின நாள் அதன் மேல் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. தண்ணீரைக் காலையில் மட்டும் தெளியுங்கள்.

தண்டு அழுகாமல் கத்தியால் வெட்டியது போல் துண்டாகிக் கிடந்தால் அது வெட்டுப்புழு. விடிந்ததும் அந்த நாற்றைச் சுற்றி விரலால் மண்ணைக் கிளறினால் சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடக்கும், எடுத்து நசுக்கிவிடுங்கள். மீதி நாற்றுகளுக்கு அடி வெட்டிய யோகட் கப்பை வளையமாக மாட்டி மண்ணுக்குள் கொஞ்சம் அழுத்தி வைத்தால் போதும். நாற்று கலைந்து, பிடுங்கி, மண் பறந்து கிடந்தால் அது கோழி. அதற்கு மருந்து கிடையாது, வலைதான்.

மண் ஈரமாக இருக்கிறது, செடியோ வாடுகிறது

இங்கேதான் நிறையப் பேர் செடியைச் சாகடிக்கிறார்கள். வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றுகிறார்கள், அது வாடுவதே தண்ணீர் கூடிப்போனதால். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், நோர்வூட், தலவாக்கலை பக்கத்தை விடாமல் நனைக்கும். அந்த நாட்களில் மதிய வேளையில் இலை தொங்கி, மறுநாள் காலையிலும் நிமிராமல் இருந்தால் வேரைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஒரு செடியைத் தியாகம் செய்யுங்கள். பிடித்து இழுக்காமல் மண் கிளறுகிற முள்ளைக் குத்தி நெம்பி, மண்ணோடு தூக்கி, வாளித் தண்ணீரில் அலசி, ஒரு மெல்லிய வேரை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து மெதுவாக உருவுங்கள். நல்ல வேர் வெள்ளையாக இருக்கும், இழுத்தால் முறுக்காக நின்று பட்டென்று அறும். அழுகிய வேரில் பழுப்புத் தோல் மட்டும் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிடும், உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்புதான் மிஞ்சும். வாசமும் சாக்கடை வாசம். அப்புறம் தண்டின் அடியைப் பிளந்து பாருங்கள், அங்கே பழுப்பு ஏறியிருந்தால் அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது. பிடுங்கி எரித்துவிடுங்கள், கூட்டெருக் குழியில் போடாதீர்கள். வேரில் பாதியாவது வெள்ளையாக இருந்தால் மற்ற செடிகள் தப்பும்.

தப்பவைக்கும் வேலை மண்வெட்டி வேலைதான். பாத்தியின் மேல்பக்கம், அதாவது சரிவில் தண்ணீர் வருகிற பக்கம், ஒரு கான் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். தேயிலை மலையில் எதற்காகக் கான் வெட்டுகிறார்களோ அதே காரணம்தான் இங்கேயும். பாத்தி சுற்று மண்ணைவிட 20 முதல் 30 சென்ரிமீற்றர் உயர்ந்து நிற்க வேண்டும். லயத்துக் கூரையின் தண்ணீர் விழுகிற கோட்டில் செடி இருக்கக்கூடாது, தகரத்திலிருந்து விழும் தண்ணீர் மண்ணைக் கல்லாக இறுக்கிவிடும். வாளியிலோ டின்னிலோ வளர்ப்பவர்கள் அடியில் ஒரு துளை போட்டு முடித்துவிடுகிறார்கள். ஐந்தாறு துளை வேண்டும், அதோடு வாளி சீமெந்துத் தரையில் நேராக உட்காராமல் இரண்டு கல் மேல் ஏறி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் துளை இருந்தும் வடியாது. உயர இனத்துக்கு இந்த வேரழுகல் சுலபமாகப் பிடிக்கும். அது செத்த இடத்தில் அடுத்த போகத்துக்கும் செவ்வந்தி வைக்காமல் வெங்காயமோ லீக்ஸோ போடுங்கள்.

மண் காய்ந்து, செடி மதியம் மட்டும் வாடி, மாலையில் நிமிர்ந்துவிடுகிறதா? அது வெறும் தாகம்.

இலையில் செம்பு நிறத்தில் பொடிப் பொடியாகப் புள்ளி

மழைக்குப் பிறகு வருகிற இலைப்புள்ளி நோய் என்று நினைத்துப் பூஞ்சண மருந்து அடித்து அடித்துக் களைத்துப்போகிறவர்கள் இதை நிதானமாக வாசிக்க வேண்டும். மண்ணின் அமிலத்தை அளக்கிற கணக்கு பிஎச், எண் குறையக் குறைய அமிலம் கூட. தேயிலைக்கு ஏற்ற மண்ணின் பிஎச் 4.5 முதல் 5.5 வரை. செவ்வந்தி கேட்பது 6 முதல் 7 வரை. மண்ணில் அமிலம் கூடினால் இரும்பும் மங்கனீசும் அளவுக்கு மேல் கரைகின்றன, செவ்வந்தியின் வேர் இந்த இரண்டையும், முக்கியமாக இரும்பை, ஆசையோடு உறிஞ்சிக்கொள்ளும். மிஞ்சிப்போனது இலையில் தங்கி, செம்புத் தூளைத் தூவியது போலப் புள்ளியாகத் தெரியும். முற்றிய இலைகளில் தொடங்கும், இலை கீழ்நோக்கிச் சுருளும், ஓரம் கருகும். தேயிலையைப் பிடுங்கிவிட்டு வீட்டுத்தோட்டம் போட்ட நிலத்திலும், ‘மலை மண் நல்ல கறுப்பு மண்’ என்று தேயிலை மலையிலிருந்து அள்ளி வந்து பை நிரப்பிய செடிகளிலும் இதை நிறையப் பார்க்கலாம்.

பூஞ்சணப் புள்ளியிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது? பூஞ்சணப் புள்ளி வட்டமாகப் பெரிதாகிக்கொண்டே போகும், நடுவில் சாம்பல் நிறம், விளிம்பு கரும்பழுப்பு, ஒரு செடியில் தொடங்கி மழை பெய்யப் பெய்ய பக்கத்துச் செடிக்குத் தாவும். அமிலப் புள்ளி குண்டூசித் தலையளவில் நின்றுவிடும், மழை விட்டாலும் குறையாது, பாத்தியில் இருக்கும் எல்லாச் செடியிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தெரியும்.

மருந்து டொலமைட் என்கிற சுண்ணாம்புக் கல் தூள். தேயிலைத் தோட்டங்களில் கவ்வாத்துக் காலத்தில் போடுவார்களே, அதே தூள்தான். சதுர மீற்றருக்கு 100 முதல் 200 கிராம், நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் மண்ணில் கொத்திக் கலக்க வேண்டும். செடி ஏற்கெனவே நிற்கிறது என்றால் அடித்தண்டில் படாமல் சுற்றிலும் கொஞ்சம் தூவிக் கிளறிவிடுங்கள், வேலை மெதுவாகத்தான் நடக்கும். கெட்டுப்போன இலை திரும்பப் பச்சையாகாது, புதிதாக வருகிற இலை சுத்தமாக வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். விறகடுப்பு எரிகிற வீட்டில் சாம்பலும் இதே வேலையைச் செய்யும், பொட்டாசியமும் கூடவே கிடைக்கும். ஆனால் சாம்பலையும் யூரியாவையும் ஒன்றாகப் போடாதீர்கள், யூரியாவின் சத்து ஆவியாகிக் காற்றோடு போய்விடும். குடித்து முடித்த தேயிலைச் சக்கையை ஒரே செடியின் அடியில் நாள்தோறும் கொட்டுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அதைக் கூட்டெருவில் போட்டு மக்கவிட்டால் நல்லது.

உண்மையான பூஞ்சணப் புள்ளி என்றால் அடி இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, செடிக்குச் செடி ஒன்றரை அடியாவது இடைவெளி விட்டு, தண்ணீரை இலையில் ஊற்றாமல் அடியில் ஊற்றினாலே அடங்கும். அதற்கும் கேட்கவில்லை என்றால் மென்கோசெப் என்கிற பூஞ்சண மருந்து, லேபலில் போட்டிருக்கிற அளவில், மழை விட்ட நாளில், கையுறை போட்டுக்கொண்டு.

அடி இலை ஊதா நிறமாகிறது

டிசம்பர், ஜனவரியில் நுவரெலியா, நானுஓயா பக்கம் இது சகஜம். குளிர்ந்த மண்ணில் வேர் பொஸ்பரசை எடுக்க முடியாமல் திணறுகிறது, அமில மண் என்றால் இன்னும் மோசம். வெயில் திரும்பியதும் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். வெயில் வந்த பிறகும் புதிய இலை ஊதாவாகவே வந்தால் மேலே சொன்ன டொலமைட் கதைக்குத் திரும்புங்கள்.

ஒரே இரவில் செடி முழுக்கக் கறுத்து, கொதிநீர் ஊற்றியது போலக் கிடந்தால் அது உறைபனி. ஜனவரி, பெப்ரவரியில் தெளிந்த வானமும் காற்றில்லாத இரவும் சேர்ந்தால் பள்ளமான இடங்களில் விழும். மாலையே பழைய சாக்கை, செடியில் படாமல் குச்சி நட்டு மேலே போடுங்கள்.

இலை மட்டும் செழிப்பு, பூவைக் காணோம்

ஆள் உயரத்துக்குக் கரும்பச்சையாக வளர்ந்து நிற்கிறது, மொட்டு மட்டும் இல்லை. என்ன போட்டீர்கள் என்று கேட்டால் தேயிலைக்குப் போடுகிற உரத்தில் கொஞ்சம் என்பார்கள். தேயிலையில் நமக்கு வேண்டியது இலை, அதனால் அந்த உரத்தில் நைதரசன் கூட. செவ்வந்திக்கும் அதையே கொடுத்தால் அதுவும் இலையைத்தான் தரும். நடும்போது கூட்டெரு, மொட்டு வைக்கும் நேரத்தில் ஒரு பிடி சாம்பல், இது போதும். மாட்டுச் சாணத்தைப் பச்சையாகப் போடவே கூடாது.

உரம் காரணமில்லை என்றால் வெயில். நாளுக்கு ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும், மலையில் அது நினைப்பதைவிட அரிது. மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும், அதனால் இங்கே காலை வெயில்தான் வெயில். எந்த இடத்தில் முதலில் வெயில் விழுகிறது என்று ஒரு நாள் பார்த்து வையுங்கள். எதிர் மலை மறைத்து எட்டு, எட்டரைக்குத்தான் சூரியன் வருகிற லயங்களும் உண்டு, சவுக்கு மரத்தின் நிழல் வாசலில் நீண்டு கிடக்கிற வீடுகளும் உண்டு. கிழக்குப் பார்த்த பக்கம் இடமில்லையென்றால் செடியை வாளியில் வைத்து வெயில் இருக்கிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம்.

மூன்றாவது, நுனி கிள்ளாதது. ஒற்றைத் தண்டாக ஓங்கி வளர்ந்து உச்சியில் ஒரே ஒரு பூவோடு நிற்கும். செடி ஒரு சாண் உயரமாகி நாலு ஜோடி இலை வந்ததும் உச்சியைக் கிள்ளிவிடுங்கள். கொழுந்து எடுத்துப் பழகிய கைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பக்கக் கிளைகள் நாலைந்து புறப்படும், முதல் பூ ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போனாலும் பூவின் எண்ணிக்கை பல மடங்கு கூடும். வாடிய பூவைக் காம்போடு கிள்ளிக்கொண்டே வர வேண்டும். விட்டால் செடி விதை கட்டுவதில் இறங்கிவிடும், அடுத்த பூ சிறுத்துப்போகும்.

மொட்டு விரியாமல் அழுகுகிறது, பூவில் சாம்பல் பூசணம்

பெரிய உருண்டைப் பூ மழைத் தண்ணீரைப் பஞ்சாகக் குடித்து வைத்துக்கொள்ளும், அடுக்குகளுக்கு நடுவே ஈரம் காயாமல் சாம்பல் நிறப் பூசணம் கிளம்பும். மழை நாளில் மலர்ந்த பூவைச் செடியில் விடாமல் பறித்துவிடுவதும், பூவைத் தட்டி ஈரத்தை உதறிவிடுவதும்தான் வழி. பூசணம் பிடித்ததை அங்கேயே உதிர்த்துப் போடாமல் ஒரு பையில் சேர்த்து அப்புறப்படுத்துங்கள். தொடர்மழைப் பகுதியில் ஜூன், ஜூலைக்கென்று உயர இனத்தை வைப்பது வீண் வேலை என்பது என் அபிப்பிராயம். அந்த மாதங்களில் பண்டாரவளை, வெலிமடை, பதுளைக்காரர்கள்தான் அதிர்ஷ்டசாலிகள், அங்கே அப்போது மழை குறைவு. அவர்களுக்குத் தொல்லை காற்று.

செடி காற்றில் சாய்கிறது, கிளை முறிகிறது

அடித்தண்டில் மண் அணையுங்கள், மண் பட்ட தண்டிலிருந்து புதிய வேர் விடும். நன்றாகக் காய்ந்த கவ்வாத்துக் குச்சியை ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள். முறிந்த கிளையை எறிய வேண்டாம். பூவையும் மொட்டையும் கிள்ளிவிட்டு, அடி இலையை எடுத்து, ஈர மணலில் நட்டு நிழலில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும்.

இலையில் ஓட்டை, காலையில் பளபளவென்று கோடு

நத்தை, அதிலும் ஓடில்லாதது. மலை ஈரத்தில் இதுதான் முதல் எதிரி. சாம்பல் வளையம் போடச் சொல்வார்கள், காய்ந்திருக்கும் வரைதான் அது வேலை செய்யும், ஒரு தூறலுக்குத் தாங்காது. உப்புப் போடாதீர்கள், மண் கெட்டுவிடும். மாலையில் ஈரச் சாக்கை மடித்துச் செடிகளுக்கு நடுவே போட்டுவிட்டுக் காலையில் புரட்டுங்கள், அடியில் கூட்டமாக ஒட்டியிருக்கும், வழித்து உப்புத் தண்ணீர் வாளியில் போடலாம். இரவு டோர்ச் அடித்துப் பொறுக்குவது இன்னும் நல்லது.

இலை வெளிறி, தூசி படிந்தது போல, அடியில் மெல்லிய வலை

இது வறண்ட நாட்களின் தொல்லை, சிலந்திப்பேன். பெப்ரவரி, மார்ச் வெயிலிலும், ஊவாப் பக்கம் ஜூலை, ஓகஸ்ட் காற்றிலும் வரும். இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீச்சிக் கழுவுங்கள், இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை. அதற்கும் அடங்காவிட்டால் லீற்றருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டுச் சவர்க்காரத் தண்ணீர், வெயில் சாய்ந்த பிறகு.

அம்மாவின் செடி அடுக்குப் பூ, அதன் விதையில் ஒற்றைப் பூ

கடையில் பைக்கற்றில் வாங்கும் கலப்பின விதை பெரும்பாலும் அடுத்த தலைமுறைக்கு அப்படியே வராது. நாட்டு விதையிலும் தேனீ கலந்துவிடும். ஒற்றையாகப் பூத்ததை முதல் பூவிலேயே பிடுங்கிவிட்டு, அடுக்கு நிறைந்த பூக்களில் மட்டும் விதை எடுத்துவந்தால் சில தலைமுறையில் சீராகும்.

பூ இதழ் பச்சையாகவே வருகிறது

பூவின் நடுவிலிருந்து இலை மாதிரிப் பச்சைத் தளிர் கிளம்பும், செடி குட்டையாகி மஞ்சளிக்கும். தத்துப்பூச்சி பரப்புகிற நோய், குணமாகாது. பிடுங்கி எரிக்க வேண்டியதுதான்.

பண்டிகை முடிந்த பிறகுதான் பூக்கிறது

இது நோயில்லை, கணக்குப் பிசகு. விதைத்ததிலிருந்து குட்டை இனத்துக்கு எட்டு வாரம், உயர இனத்துக்குப் பத்து முதல் பன்னிரண்டு வாரம் என்பது சூடான ஊர்க் கணக்கு. நுவரெலியா உயரத்தில் அதோடு இரண்டு முதல் நான்கு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். தைப்பொங்கலுக்கு உயர இனம் வேண்டுமென்றால் கண்டி, கம்பளை, பதுளைக்காரர்கள் ஒக்டோபர் நடுவில் விதைக்கலாம், குளிர் ஊர்க்காரர்கள் செப்டெம்பர் கடைசியில் விதைத்துவிட வேண்டும். தீபாவளி வருடத்துக்கு வருடம் நகர்வதால் கலண்டரைப் பார்த்துப் பின்னோக்கி எண்ணுங்கள், அந்த நாற்று மழைக்கு நடுவே வளர வேண்டியிருப்பதால் கூரைக்குக் கீழே தட்டில் வளர்த்து, கையளவு ஆன பிறகு வெளியே நடுங்கள். கடைசி நுனி கிள்ளலும் பண்டிகைக்கு ஆறேழு வாரத்துக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும்.